பழைய டிஸ்க்கிலிருந்து லினக்ஸுக்கு: அக்டோபர் நாட்குறிப்பு

12 அக்டோபர் 2025, ஞாயிறு

அக்காவின் பழைய லேப்டாப் டிஸ்க் கெட்டுக்கொண்டிருக்கிறது. அதில் 5ஆம் எண்: 24. 197ஆம் எண்: 8.

ஸ்மார்ட் பட்டியலில் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைப்பது) மற்ற வரிகள் எப்படி இருந்தாலும் இந்த இரண்டும்தான் கணக்கு. 5 என்பது கெட்டுப்போய், டிஸ்க் தானாகவே ஒதுக்கிவிட்டு உபரி இடத்தைக் கொடுத்த செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டுகள்). அது நடந்து முடிந்த கதை. 197 என்பது படிக்க முடியாமல், இன்னும் ஒதுக்கவும் படாமல் நிற்கும் செக்டர்கள். அவற்றுக்குள் யாருடைய எந்தக் கோப்பு இருக்கிறதோ தெரியாது. லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தைப் பென்டிரைவிலிருந்து ஓட்டி, அதில் ‘டிஸ்க்ஸ்’ செயலியைத் திறந்தால் மேலே ‘டிஸ்க் நன்றாக இருக்கிறது’ என்றுதான் வரும். அதே வரியிலேயே 8 கெட்ட செக்டர்கள் என்றும் இருக்கும். முதல் பாதியை நம்ப வேண்டாம்.

இந்த நிலையில் விண்டோஸின் ‘செக்டிஸ்க்’ ஓட்டவே கூடாது. அது கோப்பு முறைமையை ஒழுங்காக்கும், கோப்பைக் காப்பாற்றாது. ‘ஆர்’ விருப்பத்தோடு ஓட்டினால் சாகக் கிடக்கும் டிஸ்க்கை முழுக்கப் படிக்க வைக்கும், ஒட்டாத துண்டுகளை வெட்டியும் எறிந்துவிடும்.

ஆய்வேட்டுக் கோப்புறையை மட்டும் முதலில் வெளி டிஸ்க்குக்கு எடுத்தாயிற்று. இரண்டு கோப்புகள் வரவில்லை.

13 அக்டோபர்

லேப்டாப்பில் போடப்போகும் புதிய டிஸ்க், எஸ்எஸ்டி, வரவில்லை. பெரிய வெளி டிஸ்க்கும் வரவில்லை.

14 அக்டோபர், செவ்வாய்

விண்டோஸ் 10க்கு இன்றோடு ஆதரவு முடிகிறது. காலையிலிருந்து ஆளாளுக்கு ஒரே கேள்வி: இன்றே லினக்ஸுக்கு மாறிவிட வேண்டுமா?

வேண்டாம். நேற்று ஓடிய கணினி நாளையும் ஓடும். நின்றுபோவது பாதுகாப்புத் திருத்தங்கள். வீட்டுக் கணினிகளுக்கு நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் அவையும் 13 அக்டோபர் 2026 வரை வரும். அவசரத்தில் லினக்ஸ் போட்டவர்களில் பலர் திரும்பிப் போவது லினக்ஸ் பிடிக்காமல் அல்ல. ஒரே நாளில் உலாவி, மின்னஞ்சல், அலுவலகச் செயலி, பாஸ்வேர்ட் எல்லாமே மாறிவிட, எது எங்கே உடைந்தது என்று புரியாமல்தான் திரும்புகிறார்கள்.

முதலில் செயலிகளை மாற்றுங்கள், விண்டோஸிலேயே. ஃபயர்ஃபாக்ஸ் (உலாவி), தண்டர்பேர்ட் (அஞ்சல்), லிப்ரேஆபிஸ் (அலுவலகச் செயலி), கீபாஸ்எக்ஸ்சி (பாஸ்வேர்ட் பெட்டகம்), விஎல்சி (வீடியோ) எல்லாம் இரண்டு பக்கமும் ஓடுபவை. ஒரு மாதம் அவற்றில் மட்டும் வேலை செய்து பார்த்தால், எந்த ஒரு செயலி உங்களை விண்டோஸில் கட்டிப் போட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். அடோபியின் செயலிகள், விபிஏ மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) நிறைந்த எக்செல் தாள்கள், கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) அளவில் ஏமாற்றுத் தடுப்பு வைத்திருக்கும் ஆன்லைன் விளையாட்டுகள்: இவற்றில் ஏதாவது அன்றாடத் தேவை என்றால் விண்டோஸும் கூடவே இருக்கட்டும். மாற்றுச் செயலி இருக்கிறது என்று சொல்லி அப்படிப்பட்டவர்கள் பிழைப்பில் கை வைக்கக் கூடாது.

ஒன்றுமே அப்படி இல்லையென்றால், கடைசியில் மாறப்போவது இயங்குதளம் மட்டும். ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்ட் இரண்டின் புரொஃபைல் கோப்புறைகளையும் அப்படியே புதிய இடத்தில் வைத்தால் அஞ்சல், புக்மார்க் எல்லாம் வந்துவிடும்.

எழுத்துரு பற்றி ஒன்று. வேர்டில் காலிப்ரியில் செய்த ஆவணம் லிப்ரேஆபிஸில் பக்கம் மாறி வருகிறது என்பார்கள். கார்லிட்டோ எழுத்துருவை நிறுவுங்கள். காலிப்ரியின் அதே எழுத்து அகலம், ஆகவே வரிகள் அதே இடத்தில் முறியும். கேம்ப்ரியாவுக்கு கலாடியா. ஏரியல், டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் வரிசை.

15 அக்டோபர்

பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) சாவி. எழுதி வைக்கும்படி தம்பிக்கு இரண்டு முறை சொல்லியாயிற்று.

அக்காவின் பழைய லேப்டாப்பில் பூட்டு இல்லை. அந்த மட்டில் நிம்மதி. தம்பியுடையது புதியது, விண்டோஸ் 11. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைத்த புதிய கணினிகளில், கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். பூட்டு நல்லதுதான். ஆனால் பயாஸில் (கணினி எழும்போதே திறக்கும் அமைப்புத் திரை) ‘செக்யூர் பூட்’ என்ற எழுப்பல் பாதுகாப்பை அணைத்த மறுநிமிடம் நீலத் திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அணைத்ததைத் திரும்பப் போட்டும் திறக்கவில்லையென்றால், சாவி இல்லாமல் உள்ளே இருப்பது திரும்ப வராது. எந்த நிபுணரிடம் கொண்டு போனாலும் வராது.

பயாஸைத் தொடும் முன்பே அமைப்புகளில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ பகுதியைப் பார்க்க வேண்டும். சாவியைக் காகிதத்தில் எழுதி, கூடவே சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகளையும் எழுத வேண்டும். ஒரே கணக்கில் பழைய கணினிகளின் சாவிகளும் கிடக்கும். எது எதற்கு என்று அந்த எட்டு எழுத்துதான் சொல்லும்.

அதே இயந்திரத்தில் இன்னொரு சிக்கலும் வரலாம். லினக்ஸ் நிறுவியில் டிஸ்க்கே தெரியாது. பயாஸில் சேமிப்பு ‘ரெய்டு’ அல்லது இன்டெல் ‘ஆர்எஸ்டி’ முறையில் இருப்பதால் அப்படி. ‘ஏஹெச்சிஐ’ ஆக்கினால் லினக்ஸுக்குத் தெரியும், ஆனால் விண்டோஸ் எழாது. முதலில் விண்டோஸை சேஃப் மோடில் எழும்படி அமைத்து, பிறகு பயாஸில் மாற்றி, ஒரு முறை சேஃப் மோடில் எழவிட்டு, அந்த அமைப்பை நீக்கினால் இரண்டும் நலம்.

சாவி இல்லாமல் இதில் எதையும் ஆரம்பிக்கக் கூடாது.

16 அக்டோபர்

197: 16. யாரோ இயக்கி வேலை பார்த்திருக்கிறார்கள். அக்கா, தயவுசெய்து அதை அணைச்சே வெச்சிரு.

17 அக்டோபர், வெள்ளி

பெரிய வெளி டிஸ்க் வந்தது. கெட்ட டிஸ்க்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ ஓடத் தொடங்கிவிட்டது.

இதை யாராவது தேடி வந்தால் முழுதாகக் கிடைக்கட்டும். மின்ட், உபுண்டு இரண்டிலும் தொகுப்பின் பெயர் ‘ஜிடிடிரெஸ்க்யூ’, ஓட்டும் கட்டளை ‘டிடிரெஸ்க்யூ’. நடுவில் அடிக்கோடு போட்ட ‘டிடி_ரெஸ்க்யூ’ வேறு கருவி, வேறு விருப்பங்கள். வழிகாட்டிகளில் இரண்டையும் குழப்பி எழுதியிருப்பார்கள்.

மூல டிஸ்க்கை மவுன்ட் செய்யாதீர்கள் (அதிலுள்ள கோப்புகளைத் திறக்கும்படி இணைக்காதீர்கள்). சேருமிடம் மூலத்தைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். 500 ஜிபி டிஸ்க்குக்கு 500 ஜிபி பிம்பக் கோப்பு (டிஸ்க்கின் முழு நகல்) வரும், உள்ளே பாதி காலியாக இருந்தாலும். கட்டளைக்கு மூன்று கொடுக்க வேண்டும்: மூலம், பிம்பம், மேப் கோப்பு. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எந்தப் பகுதி வந்தது, எது வரவில்லை என்ற குறிப்பு அதில்தான் இருக்கிறது. அது இருந்தால் நிறுத்தி, நாளை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இல்லையென்றால் முதலிலிருந்து, அதுவும் மோசமாகிக்கொண்டிருக்கும் டிஸ்க்கில். மேப் கோப்பையும் வெளி டிஸ்க்கிலேயே வையுங்கள். பென்டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸில் முகப்புக் கோப்புறை நினைவகத்தில்தான் இருக்கிறது. அணைத்தால் போய்விடும்.

முதல் சுற்றில் ‘நோ ஸ்க்ரேப்’ விருப்பம். நல்ல பகுதிகளை வேகமாக அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போய்விடும். டிஸ்க் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம் என்பதால் எளிதில் வருவதை முதலில் வாங்கிக்கொள்ள வேண்டும். அது முடிந்த பிறகே அந்த விருப்பத்தை எடுத்துவிட்டு, நேரடி அணுகலோடு, மூன்று மறுமுயற்சி. ஆரம்பத்திலேயே மறுமுயற்சி கேட்டால் ஒரு கெட்ட இடத்திலேயே தலையை முட்டிக்கொண்டு நிற்கும்.

இப்போதைக்கு 61%. பிழைகள் இன்னும் இல்லை.

18 அக்டோபர்

94%. வேகம் திடீரென விழுந்துவிட்டது. கெட்ட செக்டர்கள் உள்ள பகுதிதான்.

தம்பி, சாவி?

19 அக்டோபர், ஞாயிறு

இது ஓடி முடியும்வரை உலாவி வேலை.

லினக்ஸுக்கு வந்துவிட்டாலே யாரும் பின்தொடர மாட்டார்கள் என்று நினைப்பவர்களைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. அதே உலாவியில், அதே கணக்குகளில் நுழைந்தபடி இருந்தால், இயங்குதளம் அனுப்பும் தகவல் குறையும், அவ்வளவுதான். பெரிய ஓட்டை உலாவியில் இருக்கிறது, அதைவிடப் பெரியது கைப்பேசியில்.

ஃபயர்ஃபாக்ஸில் கண்காணிப்புப் பாதுகாப்பை ‘ஸ்டிரிக்ட்’ ஆக்குங்கள். யூபிளாக் ஒரிஜின் (விளம்பரம், கண்காணிப்பைத் தடுக்கும் நீட்சி) போடுங்கள். குரோமில் நீட்சிகளுக்கான புதிய விதிமுறையான ‘மேனிஃபெஸ்ட் வி3’க்குப் பிறகு முழு யூபிளாக் ஒரிஜினுக்கு இடமில்லை, குறைத்த ‘லைட்’ வடிவம் மட்டும். ஃபயர்ஃபாக்ஸில் முழுதாக ஓடுகிறது. இத்தோடு நிறுத்துங்கள். பத்து நீட்சி போட்டால் பாதுகாப்பு பத்து மடங்காகாது. மாறாக, உங்கள் உலாவி கூட்டத்தில் தனியாகத் தெரியும். ஏதாவது தளம் உடைந்தால் அந்தத் தளத்துக்கு மட்டும் கேடயத்தை அணைக்கலாம்.

டிஎன்எஸ் (தளப் பெயருக்கு முகவரி சொல்லும் சேவை) மறைகுறியாக்கம் நல்லது. ஆனால் இணைய நிறுவனம் பார்த்துக்கொண்டிருந்த தளப் பெயர்களை இப்போது டிஎன்எஸ் தருபவர் பார்ப்பார். அவரை நம்பலாமா என்று யோசித்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

பாஸ்வேர்ட் மாற்றும் அந்தப் பத்து நிமிடம்தான் மிக ஆபத்தானது. உலாவியிலிருந்து ஏற்றுமதி செய்தால் கிடைக்கும் சிஎஸ்வி கோப்பு வெறும் எழுத்து. எல்லாப் பாஸ்வேர்டும் திறந்தபடி அதில் கிடக்கும். டெஸ்க்டாப்பையோ ஆவணங்கள் கோப்புறையையோ மேகச் சேமிப்போடு (கிளவுட்) ஒத்திசைய விட்டிருந்தால், அங்கே சேமித்த நொடியிலேயே அது வெளியே போயிருக்கும். ஒத்திசைவை நிறுத்தி, வேறு கோப்புறையில் வைத்து, கீபாஸ்எக்ஸ்சியில் ஏற்றி, உள்ளீடுகள் வந்துவிட்டனவா என்று பார்த்து, குப்பைத்தொட்டிக்கு அனுப்பாமல் நேராக அழிக்க வேண்டும், ஒரே உட்காரலில். எஸ்எஸ்டியில் அழித்தது உண்மையிலேயே அழிந்ததா என்ற உறுதி இல்லை. டிஸ்க்கை முழுக்க மறைகுறியாக்கிய பிறகு இதைச் செய்யச் சொல்வது அதனால்தான்.

கீபாஸ்எக்ஸ்சியின் பாஸ்வேர்ட் கோப்பை, கருவிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்க்திங் மூலம் கைப்பேசியோடு பகிரலாம். இரு பக்கமும் ஒரே சமயத்தில் திருத்தினால் ‘சிங்க் கான்ஃபிளிக்ட்’ என்ற பெயரோடு இன்னொரு கோப்பு முளைக்கும். அதை அழித்துவிடாதீர்கள். கீபாஸ்எக்ஸ்சியின் ‘மெர்ஜ்’ இரண்டையும் சேர்த்துவிடும். ஒன்று மட்டும்: சிங்க்திங் பேக்கப் இல்லை. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

20 அக்டோபர்

வெளி டிஸ்க்கில் உள்ள நகலிலிருந்து ஐந்து கோப்புகளையாவது வேறு கணினியில் திறந்து பார்க்க அக்காவிடம் சொன்னேன். பெயரும் அளவும் தெரிந்தால் போதாது, உள்ளே எழுத்து தெரிய வேண்டும்.

21 அக்டோபர், செவ்வாய்

எஸ்எஸ்டி வந்துவிட்டது!

மின்ட் 22.2, எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 4 ஜிபி ராமுக்கு அதுதான் சரி. 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. ஐஎஸ்ஓ (நிறுவல் கோப்பு) இறக்கியதும் ஷா256 சரிபார்ப்பு (கோப்பு பிழையின்றி வந்ததா என்று பார்க்கும் குறியீடு). 64 எழுத்துகளும் ஒத்துவர வேண்டும். நிறுவல் பாதியில் காரணமில்லாமல் நிற்பது பெரும்பாலும் அரைகுறையாக இறங்கிய கோப்பாலோ களைத்த பென்டிரைவாலோதான்.

நிறுவும் முன் மற்ற டிஸ்க்குகளைக் கழற்றிவிடுவது நல்லது. நீங்கள் எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்தாலும், இந்த நிறுவி எழுப்பியை (பூட்லோடர்) முதல் டிஸ்க்கின் இஎஃப்ஐ பகுதியில் (எழுப்பல் கோப்புகள் இருக்கும் இடம்) கொண்டுபோய் வைத்துவிடும் பழக்கம் உண்டு. பிறகு பழைய டிஸ்க்கை எடுத்ததும் புதியது எழாது.

நிறுவியின் ‘அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸ்’ பொத்தானுக்குள் எல்விஎம் (டிஸ்க் பகுதி நிர்வாகம்), என்கிரிப்ஷன் (மறைகுறியாக்கம்) இரண்டையும் இப்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். நிறுவிய பிறகு செய்வது பெரும்பாடு. கடவுத்தொடர் ஆறு தற்செயலான சொற்கள், ஆங்கில எழுத்தில். கணினி எழும்போது தமிழ் விசைப்பலகை கிடையாது. லக்ஸில் (லினக்ஸின் டிஸ்க் பூட்டு) இன்னொரு கடவுத்தொடரையும் சேர்த்து அதைக் காகிதத்தில் எழுதி வைக்கலாம். அதன் தலைப்பகுதியின் (சாவி விவரங்கள் இருக்கும் இடம்) நகல் ஒன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும். தலைப்பகுதி கெட்டால் சரியான சொல்லும் திறக்காது.

22 அக்டோபர்

தமிழ் தட்டச்சு: ‘எஃப்சிஐடிஎக்ஸ்5’, அதற்கான ‘எம்17என்’ தொகுப்பு. நிறுவிய பின் வெளியேறி மறுபடி நுழைந்தால்தான் தமிழ்99 பட்டியலில் வரும். நுழையாமலே ‘வேலை செய்யவில்லை’ என்பவர்கள் நிறையப் பேர்.

அக்காவின் ஆய்வேட்டுப் பழைய அத்தியாயங்கள் பாமினியில் (யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துரு). லிப்ரேஆபிஸில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல். கோப்பு கெடவில்லை. உள்ளே இருப்பது என்றுமே ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு தமிழ் வடிவம் காட்டிக்கொண்டிருந்தது.

யூனிகோடுக்கு மாற்றும்போது ‘தேடி மாற்று’ போதாது. பாமினியில் கொம்பு முதலில், எழுத்து பிறகு. ‘கெ’ என்றால் ‘ெ’, அடுத்து ‘க’. யூனிகோடில் ‘க’ முதலில். ‘கொ’ பாமினியில் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு, யூனிகோடில் க, பிறகு ‘ொ’ என்ற ஒரே குறி. ஆகவே நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்றி, பிறகுதான் தனி எழுத்துகளுக்கு வர வேண்டும். வரிசை பிசகினால் ‘கொ’ எல்லாம் ‘கெ’யும் தனிக் காலுமாக உடையும். ஆவணத்தில் உண்மையான ஆங்கில வாக்கியங்களும் இருந்தால் அவையும் தமிழ்க் குப்பையாகிவிடும். பாமினி எழுத்துரு பூசிய பகுதிகளை மட்டும் மாற்றுங்கள். மூலக் கோப்பைத் தொடாதீர்கள்.

23 அக்டோபர்

வைஃபை தெரியவில்லை. பிராட்காம் சில்லு. கைப்பேசியை யூஎஸ்பியில் இணைத்து டெதரிங், பிறகு ‘டிரைவர் மேனேஜர்’. முடிந்தது.

பழைய நிலைக்குத் திரும்ப உதவும் டைம்ஷிஃப்ட் அமைத்தாயிற்று. அது இயங்குதளத்துக்கு மட்டும், சொந்தக் கோப்புகளை இயல்பாகத் தொடாது. அவற்றுக்கு டேஜாடப் என்ற பேக்கப் செயலி தனியாக.

தம்பி சாவியை எழுதிவிட்டான். எட்டு எழுத்தும் பொருந்துகிறது.

24 அக்டோபர், வெள்ளி

99.98%. வராதது எந்தக் கோப்பில் என்று பார்க்க வழி இருக்கிறது. பிம்பத்துக்கு ஒரு பிரதி எடுத்து, டிடிரெஸ்க்யூவின் ‘ஃபில் மோட்’ மூலம் கெட்ட இடங்களில் மட்டும் ஒரு அடையாளச் சொல்லை நிரப்ப வேண்டும். வேறு எங்கும் வராத சொல்லாக இருக்கட்டும். பிறகு அந்தப் பிரதியைப் படிக்க மட்டும் மவுன்ட் செய்து, அந்தச் சொல்லை எல்லாக் கோப்புகளிலும் கிரெப் என்ற தேடல் கட்டளையால் தேடினால் பாதிக்கப்பட்டவற்றின் பெயர் வரும்.

வந்தது: விண்டோஸ் அப்டேட் கோப்புகள், இரண்டு படங்கள், நான்காம் அத்தியாயம்.

25 அக்டோபர்

டாக்எக்ஸ் (வேர்ட் ஆவணம்) என்பது உள்ளே ஒரு ஜிப். கெட்ட இடம் படங்கள் கோப்புறையில் விழுந்திருந்தால் எழுத்து தப்பியிருக்கும். ‘டாக்குமென்ட்’ என்ற எக்ஸ்எம்எல் கோப்பை மட்டும் பிரித்தெடுத்துப் பார்க்கலாம். அதற்கு முன் இன்னும் ஒரு சுற்று, இம்முறை பின்னாலிருந்து முன்னால், ‘ரிவர்ஸ்’ விருப்பத்தோடு. சில சமயம் அந்தத் திசையில் ஓரிரு செக்டர் கூடுதலாக வரும்.

சார்ஜர் செருகியே இருக்கட்டும். ஸ்லீப் மோடை அணைத்தாயிற்று. ஓடுகிறது.