விடைத்தாளில் அடிக்கப்பட்ட ஒரு சொல்

போன வாரம் முழுக்க விடைத்தாள் திருத்தும் வேலை. ஒப்பீட்டு அரசமைப்புச் சட்டத் தாளில் 15 மதிப்பெண் கேள்வி: "புதிதாக உருவான மக்களாட்சிகளில் நீதிமன்றங்களின் பங்கை விவரி." கேள்வியைத் தயாரித்தவளே நான்தான் என்பதால் யாரையும் நொந்துகொள்ள வழியில்லை. 62 தாள்கள். பெரும்பாலானவை ஒரே வரியில் தொடங்கின: நீதிமன்றம் மக்களாட்சியின் காவலன். முப்பதாவது தாளைத் தாண்டும்போது அந்த வரி கண்ணில் படுவதே நின்றுபோனது.

ஒரு தாளில் மட்டும் "காவலன்" என்ற சொல்லை எழுதிவிட்டு, அடித்து, மேலே பொடி எழுத்தில் "கையில் தடி இல்லாதவன்" என்று திருத்தியிருந்தது. 9 மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போனேன். ஆனால் அந்த அடித்தல் மனசை விட்டுப் போகவில்லை.

பாடம் நடத்தும்போது தீர்ப்போடு நிறுத்திவிடுவது என் பழக்கம். யார் வழக்குப் போட்டார், எத்தனை நீதிபதிகள், பெரும்பான்மை என்ன சொன்னது, மாறுபட்டவர் என்ன சொன்னார், அடுத்த வழக்கு. தோற்றவர் மறுநாள் காலையில் என்ன செய்தார் என்று நான் வகுப்பில் சொன்னதே இல்லை. அது தீர்ப்பிலும் இருக்காது. பழைய குறிப்பேட்டை எடுத்து, ஒவ்வொரு வழக்குக்கும் எதிரில் "தோற்றவர்" என்று ஒரு பத்தி சேர்த்து நிரப்பிப் பார்த்தேன். இரண்டு ராத்திரி போயிற்று.

தென்னாப்பிரிக்காவில் தொடங்கினேன். 1995 பிப்ரவரியில் அங்கே அரசமைப்பு நீதிமன்றத்தைத் தொடங்கிவைத்தவர் அதிபர் நெல்சன் மண்டேலா. கடைசியாகத் தான் ஒரு நீதிமன்றத்தில் நின்றது மரண தண்டனை உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் என்று அன்றைக்குச் சொன்னார். நீதிமன்றத் தலைவராக அவர் நியமித்த ஆர்தர் சாஸ்கல்சன், மண்டேலாவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்த ரிவோனியா வழக்கில் அவருக்காக வாதாடிய வழக்கறிஞர் குழுவில் இருந்தவர். ஏழே மாதத்தில், செப்டம்பரில், அதே நீதிமன்றம் மண்டேலாவின் ஆணைகள் இரண்டைச் செல்லாது என்றது. உள்ளாட்சித் தேர்தலுக்கான சட்டத்தை ஆணை மூலமே திருத்தும் அதிகாரத்தை நாடாளுமன்றம் அவருக்குக் கொடுத்திருந்தது; அவரும் திருத்தியிருந்தார். சட்டம் இயற்றும் வேலையை நாடாளுமன்றம் இப்படிக் கைமாற்றிவிட முடியாது என்றது நீதிமன்றம். வழக்குப் போட்டது மேற்கு கேப் மாகாண அரசு. அங்கே ஆட்சியில் இருந்தது, நிறவெறி ஆட்சியை நடத்திய அதே பழைய கட்சி! மண்டேலா தீர்ப்பை ஏற்கிறேன் என்று உடனே வெளிப்படையாகச் சொன்னார். பத்தியில் எழுதினேன்: கீழ்ப்படிந்தார்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு மாஸ்கோ. 1993 செப்டம்பர் 21 அன்று ரஷ்ய அதிபர் போரிஸ் யெல்ட்சின் 1400ஆம் எண் ஆணையில் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். அன்றிரவே அரசமைப்பு நீதிமன்றம் கூடி அது சட்டவிரோதம் என்றது. அவரைப் பதவிநீக்கம் செய்ய அதுவே போதும் என்றும் சொன்னது. சட்டப்படி பார்த்தால் அது சரியான தீர்ப்புதான். அக்டோபர் 4 அன்று டாங்கிகள் நாடாளுமன்றக் கட்டடத்தைச் சுட்டன. சில நாட்களில் நீதிமன்றமும் முடக்கப்பட்டது. மறுபடி அது வேலையைத் தொடங்கியது 1995இல், 19 நீதிபதிகளோடு, புதிய அரசமைப்புச் சட்டத்தின் கீழ்.

மண்டேலா நல்லவர், யெல்ட்சின் கெட்டவர் என்று முடித்துவிடலாம். மாணவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. மண்டேலா உண்மையில் எதைத் தோற்றார்? செல்லாது என்ற சட்டத்தைச் சரிசெய்ய நீதிமன்றமே நாடாளுமன்றத்துக்கு ஒரு மாதம் அவகாசம் கொடுத்திருந்தது. அந்த நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை அவருடைய கட்சிக்குத்தான். யெல்ட்சின் கீழ்ப்படிந்திருந்தால் நாற்காலியே போயிருக்கும். தீர்ப்பின் தரத்தைவிடத் தோல்வியின் விலைதான் மறுநாளைத் தீர்மானிக்கிறதோ என்று தோன்றியது. நீதிபதிகளின் நடத்தையும் சேர்த்திதான். ரஷ்ய நீதிமன்றத்தின் தலைவர் வலேரி சோர்கின் அதே ஆண்டு மார்ச்சில், யெல்ட்சின் தொலைக்காட்சி உரையில் வேறோர் ஆணையை அறிவித்த கையோடு, அதன் வாசகம் வெளியாவதற்கு முன்பே, அதைத் தொலைக்காட்சியில் கண்டித்துவிட்டார். கைகலப்பில் இறங்கிய நடுவர் பிறகு விசில் ஊதினால் யார் நிற்பார்கள்?

கொலம்பியா இந்தக் கணக்குக்கு ஒத்துவருகிறது. 2010 பிப்ரவரி 26 அன்று, அதிபர் அல்வாரோ உரிபே மூன்றாம் முறை போட்டியிட வழிதேடிய பொதுவாக்கெடுப்பை அரசமைப்பு நீதிமன்றம் தடுத்தது. அரசமைப்பைத் திருத்தலாம், திருத்தம் என்ற பெயரில் வேறொன்றை அந்த இடத்தில் வைக்கக் கூடாது என்பது வாதம். அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்ற நம் கேசவானந்த பாரதி வழக்கைப் படித்தவர்களுக்கு இது சொந்தக்காரர் முகம் மாதிரி இருக்கும். உரிபே செல்வாக்கின் உச்சியில் இருந்தவர், ஆனாலும் ஏற்றுக்கொண்டார். அந்த வருடத் தேர்தலில் வென்றது அவருடைய முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் சான்டோஸ். தாங்கக்கூடிய தோல்வி.

கொலம்பியாவில் இன்னொன்றும் உண்டு, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. 1991 அரசமைப்பு "தூதேலா" என்ற ஒரு மனுவைக் கொடுத்தது. வழக்கறிஞர் வேண்டாம், யார் வேண்டுமானாலும் எந்த நீதிபதியிடமும் கொடுக்கலாம், 10 நாளில் முடிவு சொல்லியாக வேண்டும். மருந்து கிடைக்காதவரும் ஓய்வூதியம் வராதவரும் அதைத்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதிபரோடு மோத வேண்டிய நாள் வருவதற்குள் அந்த நீதிமன்றத்துக்கு ஊரெல்லாம் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

இதை எழுதி முடித்து, ஒரு கோட்பாடே கண்டுபிடித்துவிட்ட திருப்தியில் இருந்தேன். ஹங்கேரி அதைக் கலைத்தது. 1990இல் தொடங்கிய அந்த நீதிமன்றத்துக்கும் மக்கள் செல்வாக்குக்குக் குறைவில்லை. தனக்குப் பாதிப்பே இல்லாத சட்டத்தை எதிர்த்தும் எந்தக் குடிமகனும் மனுப்போடலாம். 2010இல் அரசு ஊழியர்களின் பணிவிலகல் தொகைமேல் 98 விழுக்காடு வரி போட்ட சட்டத்தை அது ரத்துசெய்தது. அரசுக்கு அது சின்னத் தோல்விதான். ஆனால் அரசிடம் நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு இடம் இருந்தது. உத்தரவை மீறவேண்டிய தேவையே இல்லை. வரவுசெலவு, வரி விஷயங்களில் நீதிமன்றத்தின் அதிகாரத்தையே அரசமைப்புத் திருத்தத்தால் வெட்டிவிட்டார்கள். பிறகு நீதிபதிகள் 11 பேர் 15 பேரானார்கள். யாரும் மனுப்போடலாம் என்ற வழியும் 2012இல் அடைபட்டது. டாங்கி எதுவும் வரவில்லை. எல்லாம் முறைப்படி.

சில வழக்குகளில் என் புதிய பத்தி அர்த்தமற்றுப் போனது. 1976 ஏப்ரல் 28, ஜபல்பூர் வழக்கு. அவசரநிலைக் காலத்தில் சிறையில் அடைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனுப் போடக்கூட உரிமையில்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 4க்கு 1 என்று சொன்னது. தோற்றவர் என்ன செய்தார்? சிறையிலேயே இருந்தார். விலை கொடுத்தவர் இன்னொருவர்: மாறுபட்ட தீர்ப்பு எழுதிய எச்.ஆர். கன்னா. அடுத்த ஜனவரியில் அவரைத் தாண்டி அவருக்கு இளையவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா ராஜினாமா செய்தார்.

இந்தத் துறையின் பெரிய வேடிக்கை ஹான்ஸ் கெல்சன் கதை. 1920இல் ஆஸ்திரியாவின் அரசமைப்பை எழுத உதவியவர், தனி அரசமைப்பு நீதிமன்றம் என்ற ஏற்பாட்டின் தந்தை. அந்த நீதிமன்றத்திலேயே நீதிபதியாக உட்கார்ந்தார். மறுமண வழக்குகளில் வந்த தீர்ப்புகள் ஆளுங்கட்சிக்குக் கசந்தன, நீதிமன்றத்தை மாற்றியமைத்தார்கள், 1930இல் அவர் வியன்னாவை விட்டே போனார். பிறகு, புரட்சி வென்றுவிட்டால் புதிய சட்ட ஒழுங்கு பிறந்துவிடுகிறது என்ற அவருடைய கோட்பாட்டை 1958இல் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் தோசோ வழக்கில் எடுத்துக்கொண்டு ராணுவச் சட்டத்தை அங்கீகரித்தது. தீர்ப்பு வந்த அன்று இரவே, அதைக் கொண்டுவந்த அதிபர் இஸ்கந்தர் மிர்சாவை ராணுவத் தளபதி அயூப் கான் வெளியேற்றிவிட்டார். இந்த வழக்கில் ஜெயித்தவர் பத்தியும் எனக்குத் தேவைப்பட்டது! 1966இல் உகாண்டா நீதிமன்றமும் அதே கோட்பாட்டைக் கையிலெடுத்தது. 1972இல் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம், அஸ்மா ஜிலானி வழக்கில், தோசோ தவறு, அயூபுக்குப் பின் வந்த ராணுவ ஆட்சியாளர் யாஹ்யா கான் அதிகாரத்தைப் பறித்தவர் என்று முழங்கியது. யாஹ்யா கான் அதற்குச் சில மாதம் முன்பே பதவியிலிருந்து போயிருந்தார்.

அதனால் மலாவியைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்கிறது. 2019 அதிபர் தேர்தலின் முடிவுத்தாள்களில் எண்களை வெள்ளை மை பூசித் திருத்தியிருந்தார்கள். 2020 பிப்ரவரி 3 அன்று ஐந்து நீதிபதிகள் குண்டு துளைக்காத உடையணிந்து, ராணுவப் பாதுகாப்போடு வந்து, மணிக்கணக்கில் வாசித்து, தேர்தலை ரத்துசெய்தார்கள். மறுதேர்தலுக்குச் சில நாள் முன்பு தலைமை நீதிபதியை விடுப்பில் அனுப்ப அரசு பார்த்தது. வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் சேர்ந்தே தெருவில் இறங்கினார்கள். ஜூனில் மறுதேர்தல் நடந்தது, அதிபர் தோற்றார்.

கென்யாவிலும் 2017 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதிபர் தேர்தலை ரத்துசெய்தது. எல்லாத் தாளிலும் இது இருக்கிறது, பாராட்டோடு. அக்டோபர் 24 மாலை துணைத் தலைமை நீதிபதியின் ஓட்டுநர் சுடப்பட்டார். மறுநாள் காலை, அதற்கடுத்த நாள் நடக்கவிருந்த மறுதேர்தலைத் தள்ளிவைக்கக் கோரும் மனு விசாரணைக்கு இருந்தது. ஐந்து பேராவது உட்கார வேண்டும். வந்தவர்கள் இரண்டு பேர். தலைமை நீதிபதி மராகா, போதிய எண்ணிக்கை இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்தார். இது எந்தத் தாளிலும் இல்லை, நான் சொல்லித்தராததால்.

இல்லை, ஒரு தாளில் இருந்தது. அடித்துத் திருத்திய அந்தத் தாளில், கடைசிப் பக்கத்தில், நேரம் முடியப்போகும் அவசரக் கையெழுத்தில் "இருவர் மட்டும்" என்று அரை வரி. முதல் முறை திருத்தும்போது என்ன சொல்ல வருகிறார் என்று புரியாமல் தாண்டியிருக்கிறேன். 9ஐ அடித்து 13 ஆக்கினேன். முழுசாகக் கொடுத்திருப்பேன், தோசோ வழக்கை 1972 என்று எழுதியிருக்காவிட்டால்.