அந்தச் சிவப்பு வயர்

"நீங்கள் சரியாகச் செய்தபோது ஷாக் அடித்தது. அவன் தப்பாகச் செய்தபோது அடிக்கவில்லை. நான் யாரை நம்புவது, தம்பி?"

கும்பகோணத்து ஓட்டு வீடு ஒன்றின் கொல்லைத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு அந்த அம்மா இப்படிக் கேட்டார். இருபத்திரண்டு வருடமாக வயரிங் வேலை செய்கிறவன் நான். பதில் என்னிடம் இருந்தது, ஆனால் அது அவருக்கு உதவுகிற பதிலாக இல்லை. நான்கு மாதம் ஆகியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

முதல் தடவை என்னைக் கூப்பிட்டது, வாஷிங் மெஷின் பிளக் பாயின்ட் கருகிவிட்டது என்றுதான். சாக்கெட்டைக் கழற்றியதும் உள்ளே விரல் நீளத்தில் ஒரு சிவப்பு வயர். கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் முனையிலிருந்து, கசிவை மண்ணுக்குக் கொண்டுபோகிற எர்த் முனைக்குக் கட்டியிருந்தது. யாரோ எப்போதோ செய்த வேலை. பழைய வீடுகளில் எர்த் இல்லாதபோது இப்படிக் கட்டிவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மரின் அடியில் பூமியோடு சேர்ந்திருப்பதால், மெஷினின் உடம்பை அதில் கட்டினால் ஷாக் அடங்கிவிடும். எல்லாம் சரியாக இருக்கிறவரை அடங்கியிருக்கும்.

அந்த வீட்டில் எல்லாம் சரியாக இல்லை. தேக்கு ரீப்பரில், அதாவது சுவரில் அடித்த மரப்பட்டையில் ஓடும் வயரிங். மெயின் போர்டில் கரண்ட் வருகிற ஃபேஸுக்கு ஒரு பீங்கான் ஃபியூஸ் கட்டை, நியூட்ரலுக்கு ஒரு பீங்கான் ஃபியூஸ் கட்டை. அந்தக் காலத்தில் அப்படித்தான் வைத்தார்கள். அந்த நியூட்ரல் ஃபியூஸ் போய்விட்டால் வீடு முழுக்க இருட்டாகும். கரண்ட் இல்லை என்று எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் ஃபேஸ் உயிரோடு இருக்கும். சுவிட்ச் போட்டபடி கிடக்கும் ஒரு பல்பு வழியாகவோ ஃபேன் வழியாகவோ அது நியூட்ரல் கம்பிக்கு வந்து, அந்தச் சிவப்பு வயர் வழியே மெஷினின் தகரத்துக்கு வரும். 230 வோல்ட். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் ஒருவர் இருட்டில் மெஷினைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை நான் எழுத விரும்பவில்லை.

ஆகவே வயரை எடுத்தேன். புது சாக்கெட் மாட்டினேன். கூலி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எர்த் எங்கே போய்ச் சேர்கிறது என்று அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. இன்னொரு வீட்டில் மோட்டார் நின்றுபோய்க் காத்திருந்தார்கள். இது காரணம்தான், சமாதானம் ஆகாது.

சாயங்காலமே போன் வந்தது. மெஷினைத் தொட்டால் சுரீர் என்கிறதாம்.

மறுநாள் போய் எர்த் கம்பியைத் தேடினேன். போர்டிலிருந்து இறங்கி, கூடத்துச் சுவரோரமாகப் போய், முற்றத்து மூலையில் ஒரு பழைய ஜி.ஐ. இரும்புத் தண்ணீர்க் குழாயில் நான்கு சுற்றுச் சுற்றியிருந்தது. செம்புக் கம்பி பச்சை பூத்து, தொட்டால் உதிர்கிற நிலை. கம்பியாவது பரவாயில்லை. அந்தக் குழாயே ஒரு முழ நீளம்தான் இருந்தது. அதற்குக் கீழே சாம்பல் நிற பி.வி.சி. குழாய். எந்த வருடமோ குழாய் மாற்றியவர்கள் இரும்பைத் தரைக்கு மேலேயே அறுத்துவிட்டிருந்தார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டின் எர்த் பூமியைத் தொடவே இல்லை.

மெஷின் உடம்பில் மீட்டர் வைத்தேன். 108 வோல்ட் காட்டியது. டெஸ்ட் லேம்பை வைத்தேன். எரியவில்லை, வோல்ட் விழுந்துவிட்டது. பின்னால் பெரிய கரண்ட் இல்லை என்று அர்த்தம். மெஷினுக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடம்புக்குக் கொஞ்சம் கரண்ட்டை விடும். எர்த் இருந்தால் அது சத்தமில்லாமல் மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் உடம்பு பாதி வோல்ட்டில் தொங்கும். அந்தச் சுரீர் ஆளைக் கொல்லாது. எர்த் இல்லை என்று அந்த வீடு சொல்கிற ஒரே அறிகுறி அதுதான்.

அந்த அம்மா வாடகைக்கு இருப்பவர். வீட்டின் சொந்தக்காரர் சென்னையில் இருக்கிறார். போனில் சொன்னேன். கொல்லையில் ஒரு குழி தோண்டி, இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடி, புதுக் கம்பி இழுக்க வேண்டும், ஒருநாள் வேலை. "ஐம்பது வருடமாக அந்த வீட்டில் யாருக்கும் ஷாக் அடித்ததில்லை. அடுத்த வருடம் இடித்துக் கட்டப்போகிறோம். இப்போது எதையும் தோண்ட வேண்டாம்" என்றார். ஐம்பது வருடத்தில் பெரும்பகுதி அந்த வீட்டில் இருந்தது பல்பும் ஃபேனும் ரேடியோவும்தான். அதைச் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார்.

"அப்படியானால் நான் என்ன செய்வது?" என்று அந்த அம்மா கேட்டார். "ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு மெஷினைத் தொடுங்கள் அம்மா" என்றேன்.

இந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது. செருப்பு நனைந்தால்? மறந்துபோனால்? பேரப்பிள்ளை வந்து தொட்டால்? அதே சமயம் அன்று அந்தத் தாழ்வாரத்தில் நின்று வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்றும் தோன்றுகிறது. தோண்டுவதற்கு வீடு அவருடையது இல்லை, என்னுடையதும் இல்லை.

மூன்று வாரம் கழித்து ஃபேன் ரெகுலேட்டர் மாற்றக் கூப்பிட்டார். மெஷின் பக்கத்தில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். முகத்தில் நிம்மதி. "ஷாக்கே இல்லை தம்பி. தெரிந்த பையன் ஒருவன் வந்து ஐந்து நிமிடத்தில் சரி செய்துவிட்டான்." சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தேன். அதே இடம், அதே மாதிரி விரல் நீளம். இந்தத் தடவையும் சிவப்பு.

விளக்கிச் சொன்னேன். ஃபியூஸ் கட்டையைக் கழற்றிக் காட்டியே சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகுதான் அந்தக் கேள்வி.

நான் பதில் சொல்லவில்லை. வயரை வெட்டி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சாக்கெட்டை மூடினேன். ரெகுலேட்டருக்குக் கூலி கொடுத்தார். "இனிமேல் நீங்கள் வர வேண்டாம்" என்று மெதுவாகத்தான் சொன்னார்.

என் கடையில் அப்போது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று கிடந்தது. கரண்ட் கசிந்தால் தானே வெட்டிவிடுகிற சுவிட்ச் அது. வேறு வீட்டில் கழற்றியது, டெஸ்ட் பட்டனை அழுத்தினால் ஒழுங்காக விழும், அதாவது கரண்ட்டை வெட்டும். மெயினில் அதைப் போட முடியாது. இரண்டு குடித்தனத்து நியூட்ரலும் அங்கே கலந்து கிடக்கிறது, போட்ட உடனே விழுந்துவிடும். ஆனால் மெஷின் பாயின்ட்டுக்கு மட்டும் ஒரு பெட்டிக்குள் வைத்திருக்கலாம். எர்த் இல்லாவிட்டாலும், ஒருவர் உடம்பு வழியே உண்மையான கசிவு போனால் அது நொடிக்குள் வெட்டிவிடும். அந்தச் சுரீரை நிறுத்தாது, அதற்கு அது மிகச் சின்னக் கரண்ட். உயிரைக் காப்பாற்றும்.

ஏன் போடவில்லை? வீட்டின் சொந்தக்காரர் அனுமதி இல்லை என்று முதலில் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒரு பெட்டியைத் திருகி மாட்ட எவர் அனுமதி வேண்டும்? காசு யார் கொடுப்பார் என்பதும் இருந்தது. அதற்கும் அடியில், என் பேச்சை நம்பாதவருக்கு நான் ஏன் செய்ய வேண்டும் என்ற எண்ணம் இருந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன். வயரை எடுத்தது சரி. இன்னொரு தடவை பார்த்தாலும் எடுப்பேன். எடுத்துவிட்டு வேறொன்றும் வைக்காமல் வந்தேனே, அதைத்தான் சரி என்று சொல்ல முடியவில்லை. அந்தப் பையனாவது அவர் கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போனான்.

போன வாரம் கொல்லைச் சந்து வழியாகப் போனேன். கதவு திறந்திருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் நீல வார் போட்ட ஹவாய் செருப்பு ஒரு ஜோடி, மெஷினைப் பார்த்தபடி. செருப்பு அங்கே இருக்கிறதென்றால் இன்னும் சுரீர் என்கிறது. சுரீர் என்றால் அந்த வயர் திரும்ப வரவில்லை. அவருக்கு ஷாக் அடிக்கிறது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. உடனே அது வெறும் பழக்கமாகவும் இருக்கலாமே, துவைத்த ஈரத்தில் காயக் கழற்றிப் போட்டதாகவும் இருக்கலாமே என்று தோன்றியது. வண்டியின் பெட்டியில் அந்த ஆர்.சி.சி.பி. இருந்தது. இரண்டு மாதமாக அதை எடுத்துக்கொண்டுதான் போகிறேன். உள்ளே யாரோ வருகிற சத்தம் கேட்டது. வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.