ஜிட் கம்பைலரும் திரும்பி வரும் வழியும்

எட்டு மாதமாக ராத்திரி நேரங்களில் ஒரு சின்ன நிரலாக்க மொழி எழுதிக்கொண்டிருக்கிறேன். நிரலைப் படித்துப் பிரிக்கும் லெக்சர், பார்சர், அதிலிருந்து வரும் பைட்கோட் என்ற இடைநிலை வடிவம், அதை ஒவ்வொரு கட்டளையாக ஓட்டும் இன்டர்ப்ரெட்டர் எல்லாம் இரண்டு மாதத்தில் முடிந்துவிட்டன. அதைப் பற்றி நல்ல பாடங்கள் நிறைய இருப்பதால் இங்கே விட்டுவிடுகிறேன். மீதி ஆறு மாதமும் ஜிட் கம்பைலருக்குத்தான் போனது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதில் அடிக்கடி ஓடும் பகுதியை மட்டும் கண்டுபிடித்து ப்ராசசரின் சொந்தக் கட்டளைகளாக மாற்றுவதுதான் அதன் வேலை. அந்தக் கட்டளைகளை, அதாவது மெஷின் கோடை, உண்டாக்க மூன்று வாரம் போதுமாக இருந்தது. மிச்ச நாளெல்லாம், அந்த மெஷின் கோடிலிருந்து பத்திரமாக இன்டர்ப்ரெட்டருக்குத் திரும்பி வர வழி போடுவதில் போனது.

முதல் நாள் கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லியே ஆகவேண்டும். எம்மேப் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் நினைவகம் கேட்கும் அழைப்பு) மூலம் 4096 பைட் உள்ள ஒரு பேஜ் கேட்டு வாங்கி, அதில் வெறும் ஆறு பைட் எழுதினேன்: 184, 42, 0, 0, 0, 195. எக்ஸ்86 ப்ராசசரில் 184 என்றால் அடுத்த நான்கு பைட்டில் இருக்கும் எண்ணை ஒரு ரெஜிஸ்டரில் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன சேமிப்பிடம்) போடு, 195 என்றால் அழைத்தவரிடம் திரும்பிப் போ. எழுதி முடித்ததும் அந்தப் பேஜுக்கு எழுதும் அனுமதியை எடுத்துவிட்டு ஓடும் அனுமதியைக் கொடுத்தேன் (இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்திருப்பது பாதுகாப்பில்லை), அப்புறம் அதை ஒரு சி ஃபங்ஷன் மாதிரி அழைத்தேன். 42 வந்தது. எந்த கம்பைலரும் தொடாத, நானே பைட் பைட்டாக எழுதிய ஒரு ஃபங்ஷன்! அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

ஓடும்போதே மெஷின் கோட் எழுதுவது பழைய யோசனைதான். 1968-லேயே கென் தாம்ப்சன், ஒரு ரெகுலர் எக்ஸ்ப்ரெஷனை (எழுத்துகளில் தேடவேண்டிய வடிவத்தைச் சொல்லும் குறிப்பு) ஐபிஎம் 7094 கணினியின் கட்டளைகளாக அப்போதைக்கப்போதே மாற்றி ஓட்டும் முறையை எழுதியிருக்கிறார். ஆனால் அங்கே ஊகிக்க ஒன்றுமில்லை. கொடுத்த எக்ஸ்ப்ரெஷன் நடுவில் மாறப்போவதில்லை. என் மொழி அப்படியில்லை. பைதான் மாதிரி, ஒரு மாறியில் இப்போது முழு எண் இருக்கும், அடுத்த சுற்றில் ஸ்ட்ரிங் இருக்கலாம். அதனால் ஜிட் ஊகிக்கிறது: இதுவரை இந்த லூப்பில் முழு எண்தான் வந்திருக்கிறது, இனியும் அதுவே வரும். அந்த ஊகத்தை நம்பித்தான் கூட்டலை ஒரே ஒரு கட்டளையாக எழுத முடிகிறது, வேகமும் அதனால்தான் கிடைக்கிறது. ஊகம் பொய்த்தால் என்ன செய்வது என்பதற்காக வழி நெடுக சின்னச் சின்ன சோதனைகள் வைக்கவேண்டும், சோதனை தோற்றால் உடனே இன்டர்ப்ரெட்டருக்குத் தாவவேண்டும், அதுவும் பாதி வேலையில், லூப்பின் நடுவில், ஒன்றும் நடக்காதது போல.

இந்தத் தாவலில்தான் நான் மாட்டினேன். ஃபேக்டோரியல் கணக்கிடும் நாலு வரி ஃபங்ஷன்: லூப்புக்குள் எஃப் என்ற மாறியை ஐ என்ற மாறியால் பெருக்கு, ஐ-யோடு ஒன்று கூட்டு. என் மொழியில் முழு எண்ணுக்கு 63 பிட் (மிச்ச ஒரு பிட் 'இது எண்' என்ற அடையாளத்துக்கு). 20-இன் ஃபேக்டோரியல் அதற்குள் அடங்கும், 21-இனுடையது அடங்காது. அடங்காதபோது இன்டர்ப்ரெட்டர் பெரிய எண்ணுக்கு மாறிக்கொள்ளும். நிரலை எடுத்த உடனே 21 கேட்டால் 51090942171709440000 என்று சரியாக வந்தது. அதே ஃபங்ஷனை 10 கொடுத்து ஆயிரம் தடவை அழைத்து ஜிட்டை வேலை செய்யவைத்துவிட்டு, அப்புறம் 21 கேட்டால் மைனஸில் ஒரு எண். கிராஷ் ஆகியிருந்தால்கூட எங்கே என்று தெரிந்திருக்கும். இது அமைதியாகத் தப்பு விடை சொன்னது, அதுவும் அதற்கு முன் என்னென்ன ஓடியது என்பதைப் பொறுத்து.

நான்கு ராத்திரி தேடினேன். சோதனை சரி, தாவிய இடமும் சரி, ரெஜிஸ்டர்களில் இருந்த மதிப்புகளை இன்டர்ப்ரெட்டரின் ஸ்டாக்கில் (அது மதிப்புகளை வைத்திருக்கும் இடம்) திருப்பி எழுதியதும் சரி. தப்பு எங்கே என்றால், பெருக்கல் கட்டளை விடையை எஃப் இருந்த ரெஜிஸ்டரிலேயே போட்டுவிடுகிறது. ஓவர்ஃப்ளோ (விடை 63 பிட்டில் அடங்காமல் போவது) ஆனது என்று நான் சோதித்துத் தெரிந்துகொள்ளும்போது பழைய எஃப் அழிந்துபோய், மேல் பிட்கள் வெட்டுப்பட்ட குப்பை அங்கே இருக்கிறது. அந்தக் குப்பையை எடுத்துக்கொண்டுபோய் இன்டர்ப்ரெட்டர் பெருக்கலை மறுபடி செய்கிறது. கூட்டலாக இருந்தால் கழித்தாவது பழையதை மீட்கலாம். பெருக்கலில் போனது போனதுதான். விடையைத் தற்காலிக ரெஜிஸ்டரில் வாங்கி, சோதித்து, அப்புறம் எஃப்-இல் போடுவது என்று மாற்றினேன். மாற்றம் இரண்டே வரி.

இப்படி மெஷின் கோடிலிருந்து நடுவழியில் இன்டர்ப்ரெட்டருக்குத் திரும்புவதைத்தான் டீஆப்டிமைசேஷன் என்கிறார்கள். செல்ஃப் என்ற நிரலாக்க மொழியில் வேலை செய்த உர்ஸ் ஹோல்ஸ்லே, கிரெய்க் சேம்பர்ஸ், டேவிட் உங்கர் மூவரும் 1992-இல் இதை எழுதினார்கள். அவர்களுடைய அன்றைய தேவை டீபக்கர்: வேகப்படுத்திய கோடை நடுவில் நிறுத்தி, வேகப்படுத்தாத நிரல் அந்த இடத்தில் எப்படி நின்றிருக்குமோ அப்படியே காட்டவேண்டும். இந்த யோசனை பிறகு ஜாவா நிரல்களை ஓட்டும் ஹாட்ஸ்பாட்டுக்குப் போனது, 2010-இல் கிரேன்க்‌ஷாஃப்ட் என்ற கம்பைலர் மூலம் குரோம் பிரவுசரின் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினான வி8-க்கும் போனது. பிழை திருத்த வசதியாக எழுதியதுதான் இன்றைக்கு நம் பிரவுசரின் வேகத்துக்கு அடித்தளம் என்பது எனக்கு இன்னமும் ஆச்சரியம்.

நீங்களும் எழுதப்போகிறீர்கள் என்றால் ஒன்று செய்யுங்கள், நான் தாமதமாகச் செய்தது. ஜிட்டில் இருக்கும் ஒவ்வொரு சோதனையையும் வேண்டுமென்றே தோற்கவைக்கும் ஒரு சுவிட்ச் வையுங்கள். ஊகம் சரியாக இருந்தாலும் பரவாயில்லை, தாவட்டும். எல்லா டெஸ்டையும் ஜிட் இல்லாமல் ஒரு தடவை, ஒவ்வொரு சோதனையையும் தோற்கவைத்து ஒரு தடவை ஓட்டி விடைகளை ஒப்பிடுங்கள். நான் இதை வைத்த முதல் நாளே இன்னும் ஐந்து தப்புகள் வெளியே வந்தன, அதில் இரண்டு அதே மாதிரி ரெஜிஸ்டர் அழிந்துபோன கதை.

இப்போது இன்லைனிங் செய்துகொண்டிருக்கிறேன். ஒரு ஃபங்ஷனுக்குள் இன்னொன்றை அப்படியே விரித்து எழுதிவிட்டால், உள்ளே சோதனை தோற்கும்போது ஒன்றுக்குப் பதில் இரண்டு ஃபிரேம்களை (ஒரு ஃபங்ஷன் அழைப்பின் மாறிகளும் நிலையும் இருக்கும் இடம்) உண்டாக்கித் தரவேண்டும். அதில் ஒன்று ஓடும்போது இருந்ததே இல்லை. எந்தெந்த மதிப்பு எந்த ரெஜிஸ்டரில் இருக்கிறது என்ற அட்டவணையை ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியாக வைத்துப் பார்க்கிறேன். சின்ன ஃபங்ஷன்களுக்கு வேலை செய்கிறது, தன்னையே அழைக்கும் ஃபங்ஷன்களுக்கு இன்னும் இல்லை.