ஃபேன் சுத்துது, படம் வரல

6 மே 2025, செவ்வாய்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையைத் திறக்கும் முன்பே சேரன்மகாதேவித் தம்பி கம்ப்யூட்டர் பெட்டியோடு படியில் உட்கார்ந்திருந்தான். கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவன். "ஃபேன் சுத்துது, லைட்டெல்லாம் எரியுது அண்ணாச்சி. படம் மட்டும் வரமாட்டுக்கு."

ரைசன் 5 3600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு. வைகாசி முகூர்த்த வேலை கழுத்தை நெரிக்கவும், ராத்திரி போர்டின் அடிப்படை செட்டிங்ஸ் இருக்கிற பயாஸில் போய் ப்ராசஸரின் எல்லா கோரையும் 4.3 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றியிருக்கிறான். வோல்டேஜ் 1.35. கையோடு 3200 வேக ராமையும் 3600 வேகத்துக்குத் தள்ளியாச்சு. ராத்திரி ஓடியிருக்கிறது, காலையில் படுத்துவிட்டது. எனக்கு எரிச்சல் வேகத்தைக் கூட்டியதில் இல்லை, இரண்டையும் ஒன்றாக மாற்றியதில்தான். இனி ப்ராசஸரா ராமா என்று பிரித்து எடுக்கிற பாடு என்னுடையது.

பவர் போட்டால் போர்டு ஓரத்தில் ப்ராசஸரைச் சோதிக்கிற சிபியு விளக்கு மின்னி அணைகிறது, ராமைச் சோதிக்கிற டிராம் விளக்கு நின்று எரிகிறது. தானாக அணைந்து எழுகிறது, மறுபடியும் டிராம். இப்படி அணைந்து எழுவதைப் பார்த்து பயந்து பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார்கள். ராம் எந்தக் கணக்கில் ஒத்துப்போகும் என்று போர்டு தேடுகிற நேரம் அது, விட்டுவிட வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அசையவில்லை.

7 மே, புதன்

பிளக்கை எடுத்து, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து மிச்சக் கரெண்டையும் இறக்கிவிட்டுத்தான் கையை வைத்தேன். பயாஸ் செட்டிங்ஸை மறக்காமல் வைத்திருக்கிற சிமாஸ் பேட்டரி இந்தப் போர்டில் கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. கார்டைக் கழற்றி, பக்கத்திலிருந்த, அந்த செட்டிங்ஸை அழிக்கிற இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் பத்து விநாடி சேர்த்துப் பிடித்தேன். சிஆர்2032 பேட்டரியையும் எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்தேன்.

இதில் ஒரு விஷயம். கார்டு இல்லாமல் மானிட்டரைப் போர்டில் மாட்டிப் பார்த்துவிட்டு "போர்டு போச்சு" என்று வருகிறவர்கள் உண்டு. இந்த ரைசன் 3600 ப்ராசஸரில் உள்ளே கிராபிக்ஸே கிடையாது. கார்டு இல்லாமல் எந்த ஜென்மத்திலும் படம் வராது.

கார்டைத் திருப்பி மாட்டியதும் படம் வந்தது. தேதி பழைய காலத்துக்குப் போயிருந்தது, ராம் 2400ல் நின்றது. இரண்டும் நல்ல சகுனம், பயாஸில் அவன் மாற்றிய செட்டிங்ஸ் அழிந்திருக்கிறது.

9 மே, வெள்ளி

ப்ராசஸரைத் தொடாமல், ராமை அதன் கம்பெனி சொன்ன வேகத்தில் ஓட்டுகிற எக்ஸ்எம்பியை மட்டும் போட்டேன். 3200, 1.35 வோல்ட். கரெண்டை முழுசாக எடுத்து எடுத்துப் போட்டாலும் எழுந்தது. ராமை 3600ல் வைத்ததும் டிராம் விளக்கு. சரி, காலையில் படுத்தது ராமால்தான். ராத்திரி ரீஸ்டார்டில் எழுந்ததை நம்பக் கூடாது, குளிர்ந்த பெட்டியை முதல் தடவை போடும்போதுதான் ராமின் சாயம் வெளுக்கும்.

ராம் 3200க்கே திரும்பியது. அப்புறம் ப்ராசஸருக்கு 4.3. விண்டோஸ் வந்தது, வீடியோவை ரெண்டர் விட்டதும் விண்டோஸ் படுத்து நீலத் திரை. விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கிற ஈவென்ட் வியூவரில் வீயா லாகர் (WHEA-Logger) வரிகள், அதாவது ப்ராசஸர் தன் பிழையைத் தானே எழுதி வைத்த புகார். வோல்டேஜைக் கூட்டலாம்தான். கூட வந்த சின்ன கூலர், வெளியே அக்னி நட்சத்திரம், என் கடையில் ஏசி கிடையாது. சூடு 90 டிகிரியைத் தாண்டியது. இந்தச் சிப்புக்கு 95தான் எல்லை. விட்டுவிட்டேன்.

ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்துகிற பழைய பேஸ்ட் காய்ந்து கிடந்தது. கூலரை அப்படியே மேலே இழுத்தால் ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வரும், பின் வளையும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சூட்டோடு அணைத்து, இடம் வலமாகத் திருகி எடுத்தேன்.

12 மே, திங்கள்

தம்பி வந்தான். ப்ராசஸர் கம்பெனிக் கணக்கில், ராம் 3200ல் ஓடுகிறது. பெட்டியிலேயே 4.2 வரை போகும் என்று போட்டிருக்கிறது, அது தானாகவே ஏறிக்கொள்ளும். நிலையாக 4.3 கட்டிவைத்து இவன் சம்பாதிக்கப் பார்த்தது கொஞ்சம்தான். அதனால் கெட்டால் உத்தரவாதமும் செல்லாது. பாதியில் நின்ற ரெண்டர்களால் விண்டோஸ் ஃபைல் கெட்டிருக்கலாம் என்று, கெட்ட ஃபைலைத் தேடித் திருத்துகிற எஸ்எஃப்சி கட்டளையை ஓட்டினேன், சிலதைச் சரிசெய்தது.

"மார்கழியில ஏத்திப் பாக்கலாமா அண்ணாச்சி?"

"ஒண்ணொண்ணா ஏத்து" என்று சொல்லி, அந்த இரண்டு பின் எங்கே என்று காட்டிக்கொடுத்தேன். பேஸ்ட்டுக்கும் கூலிக்கும் காசு வாங்கியாச்சு.