ஹோலிரூட்டிலிருந்து ஹோலிரூட்டுக்கு ஒரு கம்பளி

எடின்பரோ கோட்டையிலிருந்து சரிந்து இறங்கும் ராயல் மைல் வீதியில், ஊருக்குக் கொண்டுபோகப் பொருள் தேடி நின்ற ஒரு பிற்பகலில், கடைக்காரப் பெண்மணி ஒருவர் மிகுந்த அன்போடு என் கையில் ஒரு தகரப் பெட்டியைக் கொடுத்தார். சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்ட அழகான பெட்டி. தாயாருக்கு என்று நான் சொல்லியிருந்ததால், ஸ்கொட்லாந்தின் நினைவாக ஒரு தாய்க்குக் கொடுக்க இதைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது என்றார். அதன் மூடியில் ஸ்கொட்டிஷ் காலையுணவுத் தேயிலை என்று எழுதியிருந்தது.

என் அம்மா 34 வருடங்கள் கொழுந்து பறித்தவர். பெட்டியை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன். அந்தத் தேயிலை எந்த மலையில் விளைந்தது என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. இத்தகைய கலவைகளில் அசாம், கென்யா, இலங்கையின் எங்கள் மலைநாடு ஆகிய இடங்களின் தேயிலைகள் சேர்வது வழக்கம் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெண்மணியின் முகத்தில் இருந்த நல்லெண்ணத்தைப் பார்த்தபோது எதையும் விளக்க மனம் வரவில்லை. "எங்கள் வீட்டில் தேயிலை இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அந்த வீதி போய் முடியும் இடத்தின் பெயர் ஹோலிரூட். அங்கே அரச குடும்பத்தின் அரண்மனை இருக்கிறது. எதிரே 2004 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் இருக்கிறது. நான் பிறந்த இடத்தின் பெயரும் ஹோலிரூட்தான். அது தலவாக்கலையில் இருக்கிற தேயிலைத் தோட்டம். மலைநாட்டைச் சேர்ந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. எடின்பரோ, பல்மோரல், டன்கெல்ட், ஸ்ட்ரத்டன் என்று ஸ்கொட்லாந்தின் ஊர்ப்பெயர்களை எங்கள் தோட்டங்கள் சுமந்து நிற்கின்றன. லூல்கந்துர தோட்டத்தில் 1867 ஆம் ஆண்டு 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்துக்காரரே. இங்கிருந்து வந்த துரைமார் தங்கள் ஊர்ப்பெயர்களை எங்கள் மலைகளுக்கு வைத்தார்கள். இங்கே அந்தப் பெயரைப் பேருந்தின் நெற்றியில் முதல் முறை பார்த்த நாளில், வீட்டுக்குப் போகும் பஸ் வந்துவிட்டது என்று என் கால்கள் என்னைக் கேட்காமலே இரண்டு அடி முன்னே வைத்துவிட்டன.

ஆறு வருடங்களில் இந்த நகரம் எனக்குப் பழகிவிட்டது. முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்கிறேன். இங்குள்ள முதியவர்களின் பேச்சு எனக்குத் தடையின்றி விளங்குகிறது. பனிக்காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுவதும் இப்போது என்னை வருத்துவதில்லை. ஆயினும் கடலிலிருந்து ஏறிவரும் மூடுபனி, அதை இவர்கள் ஹார் என்பார்கள், ஹோலிரூட் பூங்காவின் நடுவே 251 மீற்றர் உயரத்தில் நிற்கும் குன்றை மறைக்கிற காலைகளில், அந்தப் பனிக்குப் பின்னால் எங்கள் ஊர் கிரேட் வெஸ்டர்ன் மலை இருப்பதாகவே மனம் நம்புகிறது. சற்று நேரத்தில் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரின் சங்கு ஊதும், வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நின்று இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டே அம்மா ரொட்டியைத் துணியில் சுற்றச் சொல்வார் என்று காதும் காத்திருக்கிறது. அந்த வேளைகளில் எது அசல், எது நகல் என்று என்னிடம் கேட்டால், தலவாக்கலையில் இருப்பதே அசல் என்றுதான் சொல்வேன்.

இந்த வருடம் மாசி மாதத்துக் காமன் கூத்துக்கு ஊருக்குப் போவதென்று முடிவானதும் பொருள் தேடும் வேலை தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் வெறுங்கையோடு லயத்துக்குள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குள், நுழைய முடியாது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பராக்கள். ஒரு வீட்டுக்குக் கொடுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுக்காமல் விடுவது, திருவிழாவில் ஒரு வாசலைத் தாண்டிச் சாமியைத் தூக்கிக்கொண்டு போவதற்குச் சமம். ஆகவே சவர்க்காரமும் சொக்லேட்டும் பன்னிரண்டாகப் பிரிக்கப்பட்டன. மாவும் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்துச் சுடுகிற ஷார்ட்பிரெட் பெட்டிகள் பிள்ளைகளுக்கு. அண்ணன் மகனுக்குக் காற்பந்துச் சட்டை, பெரியப்பாவுக்கு முழங்கால் தைலம். விமானத்தில் அனுமதிக்கப்பட்ட 30 கிலோவில் இவையே பெரும் பகுதியை எடுத்துக்கொண்டன. இவற்றுக்காக நான் அதிகம் யோசிக்கவில்லை. யோசித்ததெல்லாம் அம்மாவுக்காகத்தான்.

இதற்கு முன் ஒருமுறை ஊருக்குப் போனபோது அவருக்கு அரண்மனைப் படம் பதித்த பீங்கான் தட்டு ஒன்றைக் கொண்டுபோனேன். அது இன்றும் கண்ணாடி அலுமாரியில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஒரு நாளும் அதில் யாரும் சாப்பிட்டதில்லை. கடைகளில் நினைவுப் பொருள் என்று விற்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை பார்ப்பதற்கே செய்யப்பட்டவை. கைபட்டுத் தேயாத பொருளில் நினைவு தங்காது என்பது என் உறுதியான எண்ணம். சித்தி 1998 ஆம் ஆண்டு குவைத்திலிருந்து கொண்டுவந்த, புலிப்படம் போட்ட போர்வையை நினைத்துப் பார்க்கிறேன். அதைப் போர்த்திக்கொண்டு நாங்கள் நான்கு பிள்ளைகள் வளர்ந்தோம். புலியின் ஒரு கண் தேய்ந்தே போய்விட்டது. சித்தி அங்கே அந்நியர் வீட்டில் பட்ட பாட்டைப் பற்றி அதிகம் பேசியதில்லை. அந்தப் போர்வையை மட்டும் எங்கள் மேல் இழுத்து மூடிவிடுவார்.

அதனால் அம்மாவிடமே தொலைபேசியில் கேட்டேன். வழக்கம்போல், நீ வந்தால் போதும் என்றார். நான் விடவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "அங்கயும் குளிருன்னு சொல்ற. அங்க உள்ளவங்க என்னா போத்துவாங்க?" என்று கேட்டார். செம்மறி ஆட்டு ரோமத்தில் நெய்த கம்பளி என்றேன். "அப்ப ஒரு கம்பளி கொண்டாந்துரு பாப்பா. அம்மாயி வச்சிருந்தாங்களே, அந்த மாதிரி" என்றார்.

அம்மாவைப் பெற்ற அம்மாயியின் கம்பளி கறுப்பு நிறம். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். மழை நாட்களில் அதைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டு, அதன்மேல் கூடைக் கயிற்றை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவார். மாலையில் நனைந்து திரும்பும் அந்தக் கம்பளியின் ஆட்டு வாடை அடுப்புப் புகையோடு கலந்து காம்பரா முழுவதும் நிற்கும். திருச்சி, சேலம், மதுரைப் பக்கங்களிலிருந்து வந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து, குளிரையே அறியாத உடம்போடு மலையேறியவர்களுக்குத் தோட்டத்தில் கிடைத்த முதல் உடைமைகளுள் கம்பளியும் ஒன்று. அதுவும் இலவசமாகக் கிடைக்கவில்லை. வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கடன் கணக்கில் ஏறின. அந்தக் கடனைத் துண்டில் எழுதி ஆளைத் தோட்டத்தோடு கட்டிவைத்த துண்டு முறை 1921 ஆம் ஆண்டில்தான் ஒழிக்கப்பட்டது. எங்கள் முன்னோர் போர்த்திக்கொண்ட முதல் சூடே கடன்தான். 2023 ஆம் ஆண்டு, மலையகத் தமிழர் வந்து 200 வருடங்கள் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தபோது, நான் இங்கே இரவு வேலையின் இடைவேளையில் கைப்பேசியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று என் நினைவுக்கு வந்ததும் ஆணியில் தொங்கிய அந்தக் கறுப்புக் கம்பளிதான். இன்று மலையில் அதைக் காண்பது அரிது. பெண்கள் மழைக்குப் பொலித்தீன் தாளைச் சுற்றிக்கொண்டு கொழுந்து பறிக்கிறார்கள்.

ஆகவே எடின்பரோவில் கம்பளி தேடினேன். தேடுவது எளிது என்று நினைத்தது தவறாகப் போயிற்று. எடின்பரோவுக்குத் தெற்கே, ட்வீட் ஆற்றோரம் காலாஷீல்ஸ் போன்ற ஊர்கள் கம்பளி நெசவுக்குப் பெயர்பெற்றவை. கடைகளெங்கும் கம்பளிகள் அடுக்கியிருந்தன. எல்லாம் ஆட்டுக்குட்டியின் முதல் ரோமத்தில் நெய்த, கன்னத்தில் வைத்தால் பூப்போன்ற கம்பளிகள். அம்மா கேட்டதோ தொட்டால் கரகரவென்று இருக்க வேண்டியது. நான் பராமரிக்கும் ஒரு மூதாட்டியிடம் இதைச் சொன்னேன். அவர் சிறுவயதில் ஆட்டுப் பண்ணையில் வளர்ந்தவர். நல்ல கம்பளி நனைந்தால் ஆடு மணக்க வேண்டும் என்றார். ரோமத்தில் இயல்பாக ஊறியிருக்கும் லனோலின் என்கிற எண்ணெய்ப் பிசுக்கை முழுவதும் கழுவி எடுக்காமல் விட்டால்தான் மழைநீர் கம்பளிக்குள் இறங்காமல் வழிந்தோடும் என்றும், இந்த மலைகளில் மேயும் கருமுக ஆடுகளின் முரட்டு ரோமம் இப்போது பெரும்பாலும் தரைவிரிப்புக்கே போகிறது என்றும் விளக்கினார். அம்மாயியைப் பார்த்திராத ஒருவர் அம்மாயியின் கம்பளியை அப்படியே வருணித்துக்கொண்டிருந்தார். அன்றிரவு அவருக்குப் போர்வையைச் சரிசெய்தபோது என் கை சற்று நேரம் அதிலேயே நின்றுவிட்டது.

ஐந்து வாரங்கள் தேடினேன். முரட்டுக் கம்பளி கிடைக்கவில்லை. பயணத்துக்கு மூன்று நாட்களே இருந்தபோது, கிடைத்தவற்றுள் மிகக் கனமான ஒன்றை, அடர்ந்த பச்சையில் கறுப்புக் கட்டம் போட்டதை, ஹோலிரூட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த கடையில் வாங்கினேன். ஏறத்தாழ இரண்டு கிலோ. அதற்கு இடம் தர, எனக்கென்று எடுத்துவைத்த உடுப்புகளைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். ஊரில் உடுத்த அம்மாவின் பழைய சேலைகள் போதும்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி, அவிசாவளை, கினிகத்தேனை, ஹட்டன் என்று வான் ஏறி வந்தபோது, டெவன் நீர்வீழ்ச்சி கடந்து சென் கிளயர் நீர்வீழ்ச்சி கண்ணில் பட்டதும் பெட்டிக்குள் இருந்த சொக்லேட்டெல்லாம் மறந்துபோயிற்று. லயத்து வாசலில் இறங்கியதும் பன்னிரண்டு வீட்டுக் குரல்களும் ஒன்றாகக் கேட்டன. ஷார்ட்பிரெட் அன்று மாலைக்குள் தீர்ந்தது. வெறும் பெட்டிகளை அண்ணி வாங்கி ஒன்றில் ஊசி நூலையும் ஒன்றில் சீனியையும் போட்டு வைத்தார். அவற்றைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அவை நிச்சயம் தேயும்.

கம்பளியை அம்மா உடனே வாங்கவில்லை. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, விரித்து, விளிம்பை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். 34 வருடங்கள் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கறைபடிந்த விரல்கள் அவை. ஒரு பொருளின் தன்மையை அவை கண்ணுக்கு முன்னே அறிந்துவிடும். பிறகு அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். எந்த ஊரில் வாங்கியது என்று கேட்டார்.

"ஹோலிரூட்டுல" என்றேன்.

அடுத்த காம்பராவிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா, "நம்ம ஹோலிரூட்லயா? எந்தக் கடை?" என்று கேட்க, லயமே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. அவர் கம்பளியின் ஒரு மூலையை உள்ளே தள்ளி, மறுபக்கத்தை மடித்து, நொடியில் கொங்காணி ஆக்கித் தலையில் போட்டுக்கொண்டு இஸ்தோப்பில் போய் நின்றார். வெளியே தூறல் தொடங்கியிருந்தது. அந்த நிற்பில் அம்மாயியின் தோள் இருந்தது. எத்தனை வருடம் பழகியும் எடின்பரோவில் எனக்குக் கிடைக்காதது அந்தத் தோள்தான்.

கூரை விளிம்பிலிருந்து சொட்டும் நீருக்குக் கம்பளியின் ஓரத்தைக் காட்டி, அது உள்ளே ஊறுவதைச் சற்று நேரம் கவனித்தார்.

"குளிருக்கு நல்லாருக்கும்" என்றார். "மழைக்கு ஆகாது பாப்பா. அடுத்த தடவ கரடாப் பாத்து எடுத்துட்டு வா."