ஒரு ராஜினாமாவை வைத்து விடுதலை: நார்வே 1905

நம்ம டெல்டாவில் கூட்டணி என்றதும் பேச்சு சீட்டுக் கணக்கில்தான் ஆரம்பிக்கும். 1905 மார்ச்சில் நார்வேயில் கிறிஸ்டியன் மிக்கெல்சன் அமைத்த கூட்டணியின் முதல் வேலை வேறு: தனித் துணைத் தூதரகச் சேவை. நாகப்பட்டினத்துக் கப்பல்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். அயல் துறைமுகத்தில் மாலுமி சிக்கிக்கொண்டால் ஓடிப்போய் நிற்கும் இடம் துணைத் தூதரகம்தான். நார்வேயிடம் பெரிய வணிகக் கப்பல் கூட்டம் இருந்தது. ஆனால் அது ஸ்வீடனோடு ஒரே மன்னரின் கீழ் ஒன்றியமாக இருந்தது; வெளியுறவோ ஸ்வீடன் கையில். மிக்கெல்சனே பெர்கன் நகரத்துக் கப்பல் முதலாளி.

நார்வே நாடாளுமன்றம் அந்தச் சேவைக்கான சட்டத்தை நிறைவேற்றியது. மே 27-ல் மன்னர் இரண்டாம் ஆஸ்கர் கையெழுத்திட மறுத்தார். அமைச்சர்கள் அத்தனை பேரும் ராஜினாமா. ‘இப்போது வேறு அரசு அமைக்க முடியாது’ என்று மன்னர் அதை ஏற்கவில்லை. பிடி அங்கேதான் கிடைத்தது. நாடாளுமன்றத்தின் ஜூன் 7 தீர்மானத்தைப் படித்துப் பாருங்கள்: அமைச்சர்களை ஆட்சியைத் தொடரச் சொல்கிறது, அரசு அமைக்க முடியாத மன்னர் நார்வே மன்னராகச் செயல்படுவது நின்றுவிட்டது, அதனால் ஒன்றியமும் கலைந்தது என்பது அதற்குள் ஒரு துணை வாக்கியமாக வருகிறது! என்ன துணிச்சல், என்ன நிதானம்!

யாராவது ஒரு தலைவர் மாற்று அமைச்சரவைக்குச் சம்மதித்திருந்தால் எல்லாம் கவிழ்ந்திருக்கும். முக்கியக் கட்சிகளை உள்ளே வைத்திருந்ததன் பலன் இது.

ஆகஸ்ட் 13 வாக்கெடுப்பில் பிரிவுக்கு ஆதரவு 3,68,208, எதிர்ப்பு 184. ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் நகரத்தில் நடந்த பேச்சுவார்த்தையில் நார்வே தன் எல்லைக் கோட்டைகளை இடிக்க ஒப்புக்கொண்டது கசப்பான விலை, ஆனால் போர் வரவில்லை.

விரிசல் அப்புறம்தான். முடியாட்சியா குடியரசா என்ற கேள்வியில் குடியரசுவாதியான குன்னர் க்னூட்சன் அமைச்சரவையை விட்டு விலகினார். நவம்பர் வாக்கெடுப்பில் 2,59,563-க்கு 69,264 என்று முடியாட்சி வென்றது. டென்மார்க் இளவரசர் கார்ல், ஏழாம் ஹாகோன் ஆனார்.