கச்சாப் புரதம் மறைப்பது

தானியத் தீவனத்தைச் சூடாக்குவது நல்லதா என்று கேட்பவர்களிடம், எந்தத் தானியம், எவ்வளவு ஈரம், எவ்வளவு நேரம், உண்ணப்போவது மாடா கோழியா என்றுதான் நான் முதலில் கேட்பது வழக்கம்.

மக்காச்சோளத்தில் நன்மை தெளிவாகத் தெரிகிறது. போதிய ஈரத்தோடு ஏறத்தாழ 62 முதல் 72 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும்போது அதன் மாவுச்சத்து மணிகள் நீரை ஈர்த்து உப்பி, கட்டுக்கோப்பு குலைந்து, செரிமான நொதிகளுக்கு எளிதில் இடங்கொடுக்கின்றன. அமெரிக்க மாட்டுப் பண்ணைகளில் மக்காச்சோளத்தையும் சோளத்தையும் ஆவியில் வேகவைத்து, உருளைகளுக்கிடையே நசுக்கி, அவல்போல் தட்டையாக்கித் தருவது இதற்காகத்தான். ஆனால் அதே சோளத்தை நீரில் வேகவைக்கும்போது அதன் முதன்மைப் புரதமான காஃபிரின் கந்தகப் பிணைப்புகளால் இறுகிவிடுவதால், மாவுச்சத்தின் செரிமானம் கூடினாலும் புரதத்தின் செரிமானம் குறைகிறது.

என்னை உண்மையிலேயே கவலைகொள்ளச் செய்வது லைசின் இழப்பு. தானியங்களில் இயல்பாகவே குறைவாக இருக்கும் இந்த அமினோ அமிலம், அளவுக்கு மீறிய சூட்டில் சர்க்கரையோடு பிணைந்து, கோழிக்கும் பன்றிக்கும் பயன்படாத வடிவத்துக்கு மாறுகிறது. தீவன மூட்டையில் அச்சிடப்படும் கச்சாப் புரத அளவோ இதைக் காட்டுவதே இல்லை. டென்மார்க்கின் வேதியியலாளர் கெல்டால் 1883ஆம் ஆண்டு வெளியிட்ட முறைப்படி நைட்ரஜனை அளந்து, பொதுவாக 6.25ஆல் பெருக்கிப் பெறும் எண் அது. கருகிய புரதத்திலும் நைட்ரஜன் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. வாங்குபவர் பணம் கொடுப்பது அந்த எண்ணை நம்பித்தான் என்பதால், இதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை.

தானியத்தோடு கலக்கப்படும் சோயாவுக்கு வெப்பம் இன்றியமையாதது. பச்சைச் சோயாவில் எலிகள் சரியாக வளரவில்லை என்பதையும், வேகவைத்த சோயாவில் வளர்ந்தன என்பதையும் அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர்களான ஆஸ்போர்னும் மெண்டலும் 1917இலேயே காட்டினர். புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் நொதியை முடக்கும், அதிலுள்ள டிரிப்சின் தடுப்பான் வெப்பத்தில் செயலிழக்கிறது. சோயாவின் யூரியேஸ் நொதி இன்னும் செயல்படுகிறதா என்று பார்க்கும் யூரியேஸ் சோதனை, வேகாத சோயாவை மட்டுமே அடையாளம் காட்டும். மிகையாக வெந்ததைக் கண்டறிய, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் எவ்வளவு புரதம் கரைகிறது என்றும் பார்க்க வேண்டும். ஆலையிடம் இரண்டு முடிவுகளையும் கேட்டு வாங்குங்கள்.